லார்ஸ் லெக்செல்

லார்ஸ் லெக்செல் (நவம்பர் 23, 1907 – ஜனவரி 12, 1986) சுவீடன் நாட்டைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மண்டையோட்டைத் திறக்காமல், மிக நுண்ணிய கதிர்வீச்சுக் கற்றைகளை மூளையின் உட்பகுதியில் ஒரே புள்ளியில் குவித்து நோயைக் குணப்படுத்தும் முறையை இவர் உருவாக்கினார். 1951ஆம் ஆண்டு இம்முறைக்குக் கதிரறுவை என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவரும் இவரே. இவர் அமைத்த காமாக் கத்தி என்னும் கருவி இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. சிறிய கதிர்க்கற்றைகளை எவ்வாறு அளப்பது, அவை சரியான இடத்தில் சரியான அளவில் விழுகின்றன என்பதை எவ்வாறு உறுதி செய்வது என்ற தனித் துறை வளர்வதற்கும் இவருடைய பணியே தொடக்கமாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

லெக்செல் சுவீடனின் மேற்குப் பகுதியில், கோத்தென்பர்க் நகரை அடுத்த ஃபெஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1935ஆம் ஆண்டு அந்நகரின் செராஃபிமர் மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பயிற்சியைத் தொடங்கினார். அங்கு இவருடைய ஆசிரியராக விளங்கியவர் ஹெர்பர்ட் ஒலிவெக்ரோனா. ஐரோப்பாவில் மூளை அறுவை மருத்துவத்தை நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒலிவெக்ரோனாவும் ஒருவர்.

அக்காலத்தில் மூளை அறுவை என்பது பேரிடர் நிறைந்ததாக இருந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதியை அடைய, அதன்மேல் உள்ள நலமான திசுக்களை விலக்கியோ வெட்டியோ செல்ல வேண்டியிருந்தது. இரத்தக் கசிவாலும் நோய்த்தொற்றாலும் பலர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் பலர் பேச்சையோ பார்வையையோ கை கால் அசைவையோ இழந்தனர். இவற்றை அருகிலிருந்து கண்ட அனுபவமே, மூளைக்குள் கருவியை நுழைக்காமல் மருத்துவம் செய்ய முடியுமா என்னும் தேடலுக்கு இவரை இட்டுச் சென்றது.

1939–1940ஆம் ஆண்டுகளில் பின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்திற்கும் இடையே நடந்த குளிர்காலப் போரில் லெக்செல் தன்னார்வ மருத்துவராகப் பின்லாந்தில் பணியாற்றினார். முதுகெலும்பில் தைத்த குண்டுச் சிதறல்களை அகற்றும்போது எதிர்கொண்ட இடர்ப்பாடுகளிலிருந்து, இரட்டைக் கீலுடைய எலும்பு வெட்டும் இடுக்கி ஒன்றை வடிவமைக்கும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. அவ்விடுக்கி இவருடைய பெயராலேயே அறுவை அரங்குகளில் அறியப்படுகிறது.

நரம்பியல் ஆய்வு

போர்க் காலத்தில் லெக்செல், ராக்னர் கிரானிட் என்னும் உடலியங்கியல் அறிஞரின் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். தண்டுவடத்திலிருந்து தசைகளுக்குச் செல்லும் நரம்பிழைகளுள் மெல்லியவை எதற்குப் பயன்படுகின்றன என்பது அந்நாளில் தெளிவாகத் தெரியவில்லை. அவை தசைக்குள் இருக்கும் உணர் உறுப்புகளின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்பதை லெக்செல் ஆய்வுகள் மூலம் காட்டினார். 1945ஆம் ஆண்டு இது இவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாக வெளிவந்தது. அந்த நரம்பிழைகள் காமா இயக்க நரம்புகள் என அழைக்கப்படுகின்றன. பின்னாளில் இவர் உருவாக்கிய காமாக் கத்தியின் பெயரில் உள்ள காமா கதிர்வீச்சைக் குறிப்பது. இரண்டிற்கும் தொடர்பு இல்லை. கிரானிட் 1967ஆம் ஆண்டு, பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

வில் வடிவச் சட்டகம்

1946ஆம் ஆண்டு லெக்செல் லுண்ட் நகரில் நரம்பியல் அறுவைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1947இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்று எர்னஸ்ட் ஸ்பீகல், ஹென்றி வைசிஸ் ஆகியோரைச் சந்தித்தார். விலங்குகளின் மூளைக்குள் ஒரு புள்ளியை மூன்று அச்சுத் தொலைவுகளால் குறிக்கும் கருவியை ஆர்சிலியும் கிளார்க்கும் 1908ஆம் ஆண்டே இங்கிலாந்தில் விளக்கியிருந்தனர். அதனை மனிதருக்குப் பயன்படுத்தியவர்கள் ஸ்பீகலும் வைசிசும் ஆவர். இம்முறை ஸ்டீரியோடாக்டிக் முறை அல்லது முத்திசை இலக்கு முறை எனப்படுகிறது.

சுவீடன் திரும்பிய லெக்செல், தமக்கெனப் புதிய சட்டகம் ஒன்றை வடிவமைத்து 1949ஆம் ஆண்டு அதன் விளக்கத்தை வெளியிட்டார். இச்சட்டகம் நோயாளியின் தலையில் உறுதியாகப் பொருத்தப்படும். அதன்மேல் அரை வட்ட வில் ஒன்று அமைந்திருக்கும். இலக்குப் புள்ளி எப்பொழுதும் அந்த வில்லின் மையத்தில் இருக்குமாறு சட்டகம் நகர்த்தப்படும். வில்லின் ஆரத்திற்கு இணையான நீளமுடைய ஊசியை எந்தத் திசையிலிருந்து செலுத்தினாலும் அது மையத்தையே சென்றடையும். வடிவியலில் பள்ளி மாணவரும் அறிந்த இந்த எளிய உண்மையே கருவியின் வலிமை ஆகும். ஊசிக்குப் பதிலாகக் கதிர்க்கற்றையை அதே வில்லில் பொருத்தினால் அதுவும் மையத்தையே சென்றடையும் என்பது அடுத்த படியாக இருந்தது.

கதிரறுவையின் தோற்றம்

1951ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், ஸ்டீரியோடாக்டிக் முறையையும் கதிர்வீச்சையும் இணைக்கும் கருத்தை லெக்செல் முன்வைத்தார். ஒரே கற்றையாகச் செலுத்தினால் கதிர்வீச்சு செல்லும் வழியெங்கும் தீங்கு விளைவிக்கும். அதனைப் பல திசைகளிலிருந்து வரும் பல மெல்லிய கற்றைகளாகப் பிரித்தால், வழியில் உள்ள திசு ஒவ்வொன்றும் சிறிதளவே கதிரைப் பெறும். கற்றைகள் அனைத்தும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அளவு மிகுதியாக இருக்கும். குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவிப்பதுடன் இதனை ஒப்பிடலாம். ஆனால் காமாக் கதிர்கள் வில்லையால் வளைவதில்லை. ஒவ்வொரு கற்றையையும் தனித்தனியே இலக்கு நோக்கித் திருப்ப வேண்டும்.

முதலில் இவர் எக்ஸ்-கதிர்க் குழாயைத் தம் சட்டகத்துடன் இணைத்து, முக்கிளை நரம்புவலி என்னும் கொடிய முகவலிக்கு மருத்துவம் செய்தார். 1953ஆம் ஆண்டு இவ்வாறு மருத்துவம் பெற்ற இரு நோயாளிகள் நீண்ட காலம் வலியின்றி வாழ்ந்ததை 1971இல் பதிவு செய்தார். எனினும் அக்கால எக்ஸ்-கதிர்களின் ஆற்றல் குறைவாக இருந்தது. மண்டையோடு அவற்றின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. எஞ்சிய கதிரும் சிதறியதால் கற்றையின் விளிம்பு கூர்மையாக அமையவில்லை.

அடுத்து இவர் உப்சாலா நகரின் குஸ்டாவ் வெர்னர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் போர்யே லார்சனுடன் இணைந்தார். அங்கிருந்த முடுக்கியிலிருந்து வெளிவந்த உயர் ஆற்றல் புரோட்டான் கற்றைகளால் முதலில் விலங்குகளின் மூளையிலும் பின்னர் நோயாளிகளிடமும் சோதனைகள் நடைபெற்றன. இவ்வாய்வின் முடிவுகள் 1958ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்தன. கூர்மையான விளிம்புடைய சிறு கற்றையால் மூளையின் ஆழத்தில் வரையறுத்த புண்ணை உண்டாக்க இயலும் என்பது உறுதியானது. ஆயினும் புரோட்டான் முடுக்கி ஒரு பெரும் இயற்பியல் நிலையத்தில் மட்டுமே இருக்கக் கூடியது. மருத்துவமனையின் அன்றாடப் பணிக்கு எளிய கருவி தேவைப்பட்டது.

இதே காலத்தில் லெக்செல் வேறு துறைகளிலும் பங்களித்தார். மீயொலி அலைகளை மண்டையோட்டின் வழியே செலுத்தி, மூளையின் நடுக்கோடு இடம்பெயர்ந்துள்ளதா எனக் காணும் முறையை 1950களில் உருவாக்கினார். தலைக்காயத்தால் உள்ளே இரத்தம் கட்டியிருப்பதைக் கணினிவழி வெட்டுப்படம் தோன்றுவதற்கு முன்னரே அறிய இது உதவியது. பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தணிக்க மூளையின் பாலிடம் என்னும் பகுதியில் இவர் தேர்ந்த இலக்கு, பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்து, பின்னர் லௌரி லைட்டினன் என்பவரால் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

காமாக் கத்தி

1960ஆம் ஆண்டு ஒலிவெக்ரோனாவுக்குப் பின் கரோலின்ஸ்காவில் நரம்பியல் அறுவைப் பேராசிரியராக லெக்செல் பொறுப்பேற்றார். லார்சனும் இவரும் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமத்தைத் தேர்ந்தனர். இத்தனிமம் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய காமாக் கதிர்களை வெளியிடுகிறது. முடுக்கியைப் போல் மின்சாரத்தை நம்பி இயங்குவதில்லை. சிதைவு விதிப்படி ஒரே சீராகக் குறைந்து வருவதால் அதன் வலிமையை எந்த நாளுக்கும் கணக்கிட்டு அறியலாம்.

முதல் காமாக் கத்தி 179 கோபால்ட் மூலங்களைக் கொண்டிருந்தது. அவை கனமான உலோகக் கவசத்தினுள் அரைக்கோள வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மூலத்தின் முன்னும் ஒரு குறுகிய துளை இருந்தது. இத்துளைகள் அனைத்தும் ஒரே குவியத்தை நோக்கியவை. ஸ்டாக்ஹோமின் சோஃபியாஹெமட் மருத்துவமனையில் நிறுவப்பட்ட இக்கருவியில் 1968ஆம் ஆண்டு நோயாளிகளுக்கு மருத்துவம் தொடங்கியது. பின்னாளில் இக்கருவி ஆய்வுப் பயன்பாட்டிற்காக அமெரிக்காவின் கலிபோர்னியாவிற்கு அனுப்பப்பட்டது.

தொடக்கத்தில் லெக்செலின் நோக்கம் கட்டிகளுக்கு மருத்துவம் செய்வதன்று. தீராத வலி, நடுக்கம், மனநோய் ஆகியவற்றிற்குக் காரணமான நரம்புப் பாதைகளைத் துண்டிப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. ஆகவே முதற்கருவியின் துளைகள் நீள்சதுர வடிவில் அமைந்து, தட்டையான சிறு புண்ணை உண்டாக்கின. ஆனால் பயன்பாடு வேறு திசையில் வளர்ந்தது. 1969ஆம் ஆண்டு செவி நரம்புக் கட்டிக்கு மருத்துவம் செய்யப்பட்டது. 1970ஆம் ஆண்டு, மூளையில் தமனியும் சிரையும் முறையற்றுப் பிணைந்து கிடக்கும் குறைபாட்டிற்கு லாடிஸ்லாவ் ஸ்டெய்னர் என்பவர் இக்கருவியைப் பயன்படுத்தினார். 1970களின் இடையில் கரோலின்ஸ்காவில் நிறுவப்பட்ட இரண்டாம் கருவியில் துளைகள் வட்டமாக்கப்பட்டன. கணினிவழி வெட்டுப்படமும் பின்னர் காந்த அதிர்வுப் படமும் வந்தபின், கட்டியின் எல்லையை நேரடியாகக் கண்டு இலக்கைக் குறிக்க முடிந்தது.

லெக்செல் 1974ஆம் ஆண்டு பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இவருடைய கருவிகளை உருவாக்கி வழங்குவதற்காக 1972ஆம் ஆண்டு எலெக்டா என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. இவருடைய மகன் லாரன்ட் லெக்செல் அதனை வழிநடத்தினார். 1980களின் முற்பகுதியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலும் காமாக் கத்திகள் நிறுவப்பட்டன. 201 மூலங்களைக் கொண்ட கருவி 1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இயங்கத் தொடங்கியது. அதனைக் காண லெக்செல் உயிருடன் இல்லை.

நுண்கற்றைகளும் தர உறுதிப்பாடும்

201 மூலங்களைக் கொண்ட கருவியில் நோயாளியின் தலையைச் சூழும் நான்கு உலோகத் தலைக்கவசங்கள் இருந்தன. அவற்றின் துளைகள் குவியத்தில் 4, 8, 14, 18 மி.மீ. அகலமுள்ள கற்றைகளை உண்டாக்கின. 4 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு மிளகின் அளவு. இத்தகைய கற்றையில் ஒரே அமர்வில் மிகுந்த கதிர் அளவு செலுத்தப்படுகிறது. வழக்கமான கதிர்மருத்துவத்தில் ஒரு நாளுக்கு 2 கிரே அளவு பல வாரங்கள் தரப்படும். ஒரு நாள் சிறு பிழை நேர்ந்தால் அடுத்த நாள்களில் ஈடு செய்ய வாய்ப்புண்டு. கதிரறுவையில் அந்த வாய்ப்பு இல்லை. முக்கிளை நரம்புவலிக்கு ஒரே முறையில் 70 முதல் 90 கிரே வரை தரப்படுகிறது. சில மி.மீ. தொலைவில் மூளைத் தண்டு உள்ளது. பார்வை நரம்பு ஒரே தடவையில் 8 முதல் 10 கிரே அளவிற்கு மேல் தாங்குவது கடினம். தவறு நேரும்போது நோயாளிக்கு வலியோ வேறு உணர்வோ தோன்றுவதில்லை. அதன் விளைவு மாதங்கள் கழித்தே தெரியும். எனவே நோயாளி படுக்கையில் ஏறும் முன்னரே கருவியைச் சோதிப்பது இன்றியமையாதது.

இச்சோதனை இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறது. முதலாவது, கற்றை உரிய இடத்தில் விழுகிறதா என்பது. காமாக் கத்தியில் இதற்கு ஒரு நேர்த்தியான முறை உண்டு. குவியத்தில் பொருத்தப்படும் சிறு கருவியினுள் கதிர் உணர் படலம் ஒன்று வைக்கப்படும். இயந்திரத்தின் மையத்தைக் காட்டும் கூர் ஊசி அப்படலத்தில் துளையிடும். பின்னர் கதிர் செலுத்தப்படும். படலத்தில் தோன்றும் கருமையின் மையமும் ஊசித் துளையும் எவ்வளவு விலகியுள்ளன என்று அளக்கப்படும். இவ்விலகல் அரை மி.மீ. அளவிற்குள் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கற்றையின் வலிமை எவ்வளவு என்பது. இதற்கு 16 செ.மீ. விட்டமுள்ள நெகிழிக் கோளம் ஒன்று மனிதத் தலைக்கு மாற்றாக வைக்கப்படுகிறது. அதன் நடுவில் சிறிய அயனியாக்கக் கலத்தைப் பொருத்தி, 18 மி.மீ. தலைக்கவசத்தின் கதிர் அளவு வீதம் முதலில் அளக்கப்படும். மற்றத் தலைக்கவசங்களின் வீதம் இதனுடன் ஒப்பிட்டு ஒரு விகிதமாகக் கூறப்படும். கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். ஆகவே கதிர் வீதம் மாதந்தோறும் ஏறத்தாழ 1.1 விழுக்காடு குறைகிறது. புதிய மூலத்தில் 20 நிமிடங்களில் முடியும் மருத்துவத்திற்கு, ஐந்தே கால் ஆண்டுகளுக்குப் பின் 40 நிமிடங்கள் தேவைப்படும். அளந்த வீதம் கணக்கிட்ட வீதத்துடன் ஒத்துப் போகிறதா என்பது குறித்த இடைவெளியில் சரிபார்க்கப்படுகிறது.

பெரிய கற்றையை அளப்பதைவிடச் சிறிய கற்றையை அளப்பது கடினம். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. ஒன்று, கதிர் திசுவில் விடுவிக்கும் எலக்ட்ரான்கள் பக்கவாட்டிலும் சிறிது தொலைவு ஓடுகின்றன. அகன்ற கற்றையில் வெளியேறும் எலக்ட்ரான்களுக்கு ஈடாக அண்டைப் பகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் வந்து சேரும். குறுகிய கற்றையில் அந்தச் சமநிலை கெடுகிறது. இரண்டு, துளை மிகச் சிறிதாக இருக்கும்போது கதிர் மூலத்தின் ஒரு பகுதி துளையின் விளிம்பால் மறைக்கப்படலாம். மூன்று, அளக்கும் கலம் கற்றையைவிடப் பெரியதாக இருந்தால், அதன் நடுப்பகுதியில் மட்டுமே முழுக் கதிர் விழும். கலம் முழுவதற்குமான சராசரியையே அது காட்டும். வழக்கமான கதிர்மருத்துவத்தில் பயன்படும் 0.6 கன செ.மீ. கொள்ளளவுடைய கலத்தின் நீளம் ஏறத்தாழ 24 மி.மீ. இதனை 4 மி.மீ. கற்றையில் வைத்தால் கலத்தின் பெரும்பகுதி கற்றைக்கு வெளியே இருக்கும். அளவி குறைந்த மதிப்பைக் காட்டும். கற்றை வலிமை குன்றியது எனத் தவறாகக் கருதி, நோயாளிக்கு வேண்டியதைவிட மிகுதியான கதிர் செலுத்தப்படும்.

லெக்செலின் கருவியும் இத்தகைய திருத்தத்திற்கு உள்ளானது. 4 மி.மீ. தலைக்கவசத்தின் விகிதம் நெடுங்காலம் 0.80 எனக் கொள்ளப்பட்டு வந்தது. பல்வேறு சிறு அளவிகளாலும் கணினிவழிக் கணக்கீடுகளாலும் ஆராய்ந்தபின், 1990களின் பிற்பகுதியில் அது 0.87 எனத் திருத்தப்பட்டது. அதாவது, முன்னர் 70 கிரே பெற்றதாகப் பதிவான நோயாளி உண்மையில் ஏறத்தாழ 76 கிரே பெற்றிருந்தார். நல்விளைவு தந்த அளவுகள் எவை என்பதையே மருத்துவர்கள் மறு கணக்கிட வேண்டியதாயிற்று.

மருத்துவ முடுக்கிகளைக் கொண்டு கதிரறுவை செய்யும் முறை 1980களில் பரவியபின் இச்சிக்கல் பெருகியது. முடுக்கி சுழலும்போது அதன் மையம் சிறிது விலகக் கூடும். இதனைக் கண்டறிய வின்ஸ்டன், லட்ஸ் ஆகியோர் பாஸ்டன் நகரில் வகுத்து 1988ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை இன்றும் பின்பற்றப்படுகிறது. இலக்குப் புள்ளியில் சிறிய உலோகக் குண்டு வைக்கப்பட்டு, பல கோணங்களிலிருந்து சிறு கற்றை செலுத்தப்படும். ஒவ்வொரு படத்திலும் குண்டின் நிழல் கற்றையின் நடுவில் விழுகிறதா எனப் பார்க்கப்படும்.

சோதனை தவறினால் நேரும் இழப்புக்கு இரண்டு நிகழ்வுகள் சான்றாக உள்ளன. பிரான்சின் துலூஸ் நகரில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை கதிரறுவை பெற்ற 145 நோயாளிகளுக்கு மிகை அளவு கதிர் செலுத்தப்பட்டது. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் 2004க்கும் 2009க்கும் இடையே 76 நோயாளிகள் இவ்வாறே பாதிக்கப்பட்டனர். இரண்டிலும் இயந்திரம் பழுதடையவில்லை. நுண்கற்றையை அளக்கத் தகாத பெரிய கலம் பயன்படுத்தப்பட்டதே காரணம். கருவியை முதன்முதலில் அளந்தபோது நேர்ந்த ஒரே பிழை, அதன்பின் வந்த நோயாளி ஒவ்வொருவரையும் தொடர்ந்தது. ஒருவர் அளந்ததை அவரே மீண்டும் அளந்தால் அதே பிழையே திரும்ப வரும் என்பதால், வேறொரு வகை அளவியாலும் வேறொரு நிலையத்தாலும் சரிபார்க்க வேண்டும் என்னும் நெறி இதன்பின் வலுப்பெற்றது. நுண்கற்றைகளை அளப்பதற்கான பன்னாட்டு நடைமுறை நெறியைப் பன்னாட்டு அணுசக்தி முகமை, அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்துடன் இணைந்து 2017ஆம் ஆண்டு வெளியிட்டது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் நரம்பியல் அறுவைக்கான முதல் தனிப்பிரிவு 1949ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். அவரும் வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோரும் 1960களில் ஸ்டீரியோடாக்டிக் அறுவையைச் சென்னையில் வளர்த்தனர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவராகக் கனகா போற்றப்படுகிறார். மறுபுறம், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றி, கோபால்ட் கதிர்மருத்துவம் தமிழகத்தில் வேரூன்ற வழி செய்தது. இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடமே கதிரறுவை ஆகும்.

இந்தியாவில் காமாக் கத்தி 1997ஆம் ஆண்டு மும்பை இந்துஜா மருத்துவமனையிலும் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலும் பயன்பாட்டிற்கு வந்தது. வேலூரில் முடுக்கி வழிக் கதிரறுவை 1990களில் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சைபர்கத்தி நிறுவப்பட்டது. இயந்திரக் கையில் பொருத்திய சிறு முடுக்கியைக் கொண்ட சைபர்கத்தியை உருவாக்கிய ஜான் ஆட்லர், 1980களில் ஸ்டாக்ஹோம் சென்று லெக்செலிடம் பயின்றவர். அவ்வகையில் சென்னைக் கருவியும் லெக்செலின் வழிவந்ததே.

கதிர்மருத்துவக் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் வழங்குவது 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆகும். மருத்துவமனைகளின் அளவிகள் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் செந்தர அளவியுடன் ஒப்பிட்டுத் திருத்தப்படுகின்றன. கதிர்மருத்துவ நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இருத்தல் கட்டாயம். மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பைச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வழங்கி வருகிறது. இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு இது மருத்துவத் துறைக்குள் செல்லும் வழியாகும்.

தமிழகத்தின் தென்கோடியில் உள்ளவர்களுக்கு இத்துறையின் நம்பகத்தன்மை மேலும் முக்கியமானது. உடன்குடி, திருச்செந்தூர், தாமிரபரணிக் கரை ஊர்கள் ஆகியவற்றிலிருந்து சென்னைக்குக் கதிரறுவைக்காகச் செல்லும் ஒருவர் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார். மருத்துவம் ஒரே நாளில் முடிந்துவிடும். அன்று செலுத்திய கதிரைத் திரும்பப் பெற இயலாது. மருத்துவர் குறித்த அளவுதான் தமக்குக் கிடைத்தது என்பதை அறிய அவருக்கு வேறு வழி எதுவும் இல்லை. அன்று காலை கருவியைச் சோதித்தவரின் கவனத்தையே அவர் நம்பியிருக்கிறார்.

இறுதிக் காலமும் தாக்கமும்

லெக்செல் 1971ஆம் ஆண்டு ஸ்டீரியோடாக்டிக் முறையையும் கதிரறுவையையும் விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். ஓய்வுக்குப் பின்னரும் தம் சட்டகத்தைப் புதிய படக்கருவிகளுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் பணியில் ஈடுபட்டார். காந்த அதிர்வுப் படத்துடன் சட்டகத்தை இணைப்பது பற்றிய கட்டுரை 1985ஆம் ஆண்டு வெளிவந்தது. 1986 ஜனவரி 12 அன்று, தமது 78ஆம் அகவையில் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

இவருக்குப் பின்னும் கருவி வளர்ந்தது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த வடிவத்தில் தனித்தனித் தலைக்கவசங்கள் நீக்கப்பட்டன. அதன் 192 மூலங்கள் 4, 8, 16 மி.மீ. துளைகளுக்கு இடையே தாமாகவே நகரும். உலோகச் சட்டகத்தை மண்டையோட்டில் திருகிப் பொருத்தாமல், முகமூடி போன்ற உறையால் தலையை நிலைநிறுத்தும் முறையும் பின்னர் வந்தது. மூளையில் பரவிய புற்றுநோய்க் கட்டிகள், செவி நரம்புக் கட்டி, மூளை உறைக் கட்டி, இரத்தக்குழாய்ப் பிணைப்புக் குறைபாடு, முக்கிளை நரம்புவலி ஆகியவை இன்று கதிரறுவையால் மருத்துவம் செய்யப்படும் முதன்மை நோய்களாகும். சிறிய கற்றைகளை மிகுந்த அளவில் சில அமர்வுகளில் செலுத்தும் முறை நுரையீரல், கல்லீரல், முதுகெலும்பு ஆகியவற்றில் உள்ள கட்டிகளுக்கும் விரிவடைந்துள்ளது.

லெக்செலின் வில் வடிவச் சட்டகம் ஊசிவழித் திசு எடுத்தல், மூளையில் மின்வாய் பொருத்துதல் ஆகியவற்றிற்கும் பயன்பட்டு வருகிறது. இலக்கு எப்பொழுதும் மையத்தில் இருக்க வேண்டும் என்னும் இவருடைய 1949ஆம் ஆண்டு வடிவமைப்பு விதியை, அதன்பின் வந்த காமாக் கத்திகளும் முடுக்கிக் கருவிகள் பலவும் பின்பற்றி வருகின்றன. அந்த மையம் உண்மையிலேயே மையத்தில்தான் உள்ளதா எனச் சரிபார்க்கும் பொறுப்பு, கருவி இயங்கும் ஒவ்வொரு நாளும் அங்குள்ள மருத்துவ இயற்பியலாளரைச் சார்ந்ததாக உள்ளது.